வளையலின் உள்பக்கம்

தையல் நூலும் பள்ளிக்கூட ஸ்கேலும் வைத்துக்கொண்டு ஒரு வளையலின் சுற்றளவை 18.84 சென்டிமீட்டர் என்று அளக்க முடியாது. 18.8 வரலாம், 18.9 வரலாம். நூல் கொஞ்சம் தொய்ந்தால் 19.2கூட வரலாம். மில்லிமீட்டருக்குக் கீழே அந்த ஸ்கேலில் கோடே கிடையாது. ஆனால் அக்கா என் முன்னால் பரப்பி வைத்த ஏழு தாள்களில் ஒன்றில் 18.84 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. இன்னொன்றில் டிபன் பாக்ஸ் மூடி, விட்டம் 14, சுற்றளவு 43.96. மூன்றாவதில் பத்து ரூபாய் நாணயம், விட்டம் 2.7, சுற்றளவு 8.478. ஒரு சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும், நூலை வைத்து!

"எல்லாருக்கும் சரியா வந்திருக்குடா. அதான் பயமா இருக்கு" என்றாள் அக்கா.

அக்கா எம்.எஸ்சி. கணிதம். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பதினாலு வருஷம். அதற்கப்புறம் 38 வயதில் பி.எட். சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் இவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்களாம். பி.எட். இரண்டு வருஷப் படிப்பானதிலிருந்து இரண்டாம் வருஷத்தில் 16 வாரம் ஏதாவது ஒரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். இவளுக்குக் கிடைத்தது கோவில்பட்டி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 42 பிள்ளைகள். எனக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்கக்காரர்கள் தூங்கி எழுந்திருக்கும் வரை சாயங்காலம் சும்மாதான் இருப்பேன். சார்ட் வெட்டுவது, ரெக்கார்டு நோட்டுக்குப் படம் ஒட்டுவது, பாடக்குறிப்பு டைப் அடிப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. "என்ஜினீயரிங் படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா?" என்பார் அத்தான்.

பாடம், வட்டத்தின் சுற்றளவு. பாடக்குறிப்பில் 'குழுச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியே ஆக வேண்டும். ஆறு பேர் வீதம் ஏழு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று வட்டப் பொருள், நூல், ஸ்கேல், ஒரு தாள். சுற்றளவை அளந்து, விட்டத்தை அளந்து, வகுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று மடங்கும் கொஞ்சமும் வரும். அந்த ஆச்சரியத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் உத்தேசம்.

நடந்தது வேறு. ஒவ்வொரு குழுவிலும் ட்யூஷன் போகும் பிள்ளை ஒன்று இருந்தது. அதற்கு 3.14 ஏற்கெனவே தெரியும். விட்டத்தை மட்டும் ஒருவன் அளந்தான். அவன் சொன்னதை அந்தப் பிள்ளை 3.14-ஆல் பெருக்கி, சுற்றளவுக் கட்டத்தில் எழுதி, பிறகு அதையே விட்டத்தால் வகுத்து 3.14 என்று போட்டுவிட்டது. மிச்சம் நாலு பேர் நூலைக் கையில் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தாளின் கீழே ஆறு பேர் பெயரும் இருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஹார்ட்கோட் பண்ணுவது என்று பெயர். நிரல் கணக்குப் போடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருப்போம். விடை 42 வர வேண்டும் என்று தெரிந்தால், கணக்கே போடாமல் '42' என்று நேராக எழுதி வைத்துவிடுவான் ஒருவன். சோதனை பச்சை விளக்குக் காட்டும். எல்லாருக்கும் சந்தோஷம், வாடிக்கையாளர் வேறொரு எண்ணைக் கொடுக்கும் வரை.

ட்யூஷன் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான்கு வருஷம் பொறியியல் படித்த எவரும் அந்த ஏழு தாள்களையும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். கடைசி வருஷ ப்ராஜெக்ட்! நாலு பேர் டீம். ஒருவன் கோடு எழுதுவான், ஒருவன் கலர் பிரின்ட்டுக்கும் பைண்டிங்குக்கும் அலைவான், ஒருவன் காசு போடுவான், ஒருவன் வைவா அன்று இன் பண்ணி வந்து நிற்பான். எங்கள் டீமில் கோடு எழுதியவன் நான். பைண்டிங்குக்கு அலைந்தவன் இன்றைக்கு என்னைவிட நல்ல சம்பளத்தில் மேனேஜர். வேலையைப் பிரித்துக் கொடுத்து வாங்கும் வித்தையை அவன் அப்போதே கற்றுக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற இருவரும் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஃப்ரான்ஸில் ரிங்கல்மன் என்றொரு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார். ஆள் கூடக் கூட, ஒருவர் போடும் பலம் குறைந்துகொண்டே போயிற்று. 1913-ல் அதை வெளியிட்டார். தேர் வடம் பிடித்த நமக்கு இதற்கு ஃப்ரான்ஸ் வரை போக வேண்டியதில்லை. வடத்தைத் தொட்டுக்கொண்டு வந்தாலே புண்ணியம்தான்.

பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பது நம்மூருக்குப் புதுசும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை இருந்தான். கொஞ்சம் படித்த பையன், படிக்காத பையன்களை மேய்ப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர் ஒத்துவரவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டார், அவன் சொல்லிக்கொடுத்தான். 1797-ல் இதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்று அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம்தான் அந்த முறையை அத்தனை தூரம் கொண்டுபோனது. அதில் அறிவு மேலிருந்து கீழேதான் இறங்கும். பெரிய வாத்தியாருக்குப் பதில் சின்ன வாத்தியார், அவ்வளவே. அக்காவின் ஏழு குழுக்களிலும் ஏழு சட்டாம்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நியமிக்கவில்லை, தானாக முளைத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்தபோது இந்த இடத்தை யோசித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு அட்டையை எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு, சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பிள்ளை ஓர் அட்டைக்கு உதவி வாங்கும், இன்னோர் அட்டைக்கு உதவி செய்யும். சட்டாம்பிள்ளை பதவி நிரந்தரம் இல்லை. அட்டைகளைப் பராமரிப்பதும், யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று எழுதி வைப்பதும் ஆசிரியர்களுக்குப் பெரும்பாடு. குறை நிறைய சொன்னார்கள், பாதி நியாயமும்கூட. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அக்காவுக்கு வருவோம். இரண்டாவது தடவை வேறொரு பாடத்தில் அவள் ஒரு மாற்றம் செய்தாள். பேனா ட்யூஷன் பிள்ளையிடம் போகக் கூடாது. குழுவில் வாயே திறக்காத பிள்ளைதான் எழுத வேண்டும். இந்த யோசனையில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோடு எழுதும்போது, யோசனை ஒருவருடையது, விசைப்பலகை மற்றவருடையது என்று வைத்துக்கொள்வோம். தலையில் இருப்பதை இன்னொருவர் கைவழியாக வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் விளக்கித்தானே ஆக வேண்டும்?

பெரியவர்களிடம் அது நடக்கிறது. பன்னிரண்டு வயசில் அது டிக்டேஷன் ஆகிவிடுகிறது. "எழுது. ஈகுவல் டு. இல்ல, கீழ எழுது. பாயிண்ட் வை." பேசாத பிள்ளை தலை குனிந்து எழுதியது. அறை அமைதியாக இருந்தது. அன்றைக்குத்தான் பி.எட். கல்லூரியிலிருந்து பேராசிரியர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று. எல்லா மாணவரும் பங்கேற்றனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி, "இதுக்குத் திட்டியிருந்தாகூட நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள்.

அவளுக்கு இதில் போக இருந்தது கொஞ்சமில்லை. மேற்பார்வைக் குறிப்பு, ரெக்கார்டு, செய்முறைத் தேர்வு எல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண். நல்ல குறிப்பு வந்துவிட்டது, அதே மாதிரி இன்னும் ஏழு வாரம் ஓட்டினால் போதும். அத்தானுக்கும் அதுதான் அபிப்பிராயம்: "பாஸ் பண்ணிட்டு, டெட் எழுதி, வேலைக்குப் போய், அப்புறம் புரட்சி பண்ணு." பள்ளியில் வழிகாட்டி ஆசிரியை நல்ல மனுஷி. அவரும் சுற்றளவு முடிந்த பாடம் என்றார். அதற்குள் மறுபடி போனால் போர்ஷன் யார் முடிப்பது? அக்கா ஒரே ஒரு பீரியட் கேட்டாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கிடைத்தது.

அந்த வாரம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையில் வளையல்களும் மூடிகளும் கிடந்தன. பி.எட். பாடப்புத்தகத்தில் கூட்டுக் கற்றல் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் எலியட் ஆரன்சன் பெயரும் வரும், ஐந்து மதிப்பெண் கேள்வி. அக்காவுக்கு அது மனப்பாடம். ஆனால் கதையாகச் சொன்னால்தான் அது விளங்குகிறது. 1971, அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம். அதுவரை தனித்தனியாகப் படித்த வெள்ளை, கறுப்பு, மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்ததும் அடிதடி. ஆரன்சன் உளவியல் பேராசிரியர். அவரும் மாணவர்களும் வகுப்புகளைப் போய்ப் பார்த்தார்கள். யார் முதலில் கை தூக்குவது என்கிற போட்டியிலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் செய்தது சின்ன வேலை. ஒருவருடைய வாழ்க்கை வரலாறு பாடம் என்றால், அதை ஆறு துண்டாக வெட்டி ஆறு பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும். பரீட்சை முழு வரலாற்றிலிருந்தும் வரும். திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையிடம் ஒரு துண்டு இருக்கிறது. அவனைக் கேலி செய்தால் அந்தத் துண்டு உனக்குக் கிடைக்காது. பொறுமையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா நிறுத்தினாள். "பேனாவை மாத்தி என்ன செய்ய? விஷயம் முழுக்க அவன்கிட்டதான இருக்கு. விஷயத்தை உடைக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வைத்த ஏற்பாடு இது. மூன்று பொருள், ஆறு பேர், பொருளுக்கு இருவர். ஒருத்தர் சுற்றளவை மட்டும் அளந்து துண்டுச் சீட்டில் எழுதி மடக்கி வைக்க வேண்டும். மற்றவர் வெளியே வராந்தாவில் போய் விட்டத்தை மட்டும் அளந்து எழுத வேண்டும். இரண்டு சீட்டும் சேர்ந்த பிறகுதான் வகுக்கலாம். சுற்றளவு அளப்பவருக்கு விட்டம் தெரியாது. விட்டம் அளப்பவருக்குச் சுற்றளவு தெரியாது. 3.14 மட்டும் தெரிந்து ஒன்றும் ஆகாது. முடிவில் எந்தப் பிள்ளை எழுந்து சொல்ல வேண்டும் என்பது திருவுளச் சீட்டு. மொத்தம் 21 விடை கரும்பலகையில் ஏற வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது. அன்றைக்கு மூன்று பேர் வரவில்லை. அந்த இடத்தில் அக்காவும் வழிகாட்டி ஆசிரியையும் சத்துணவுக்கூட அம்மா ஒருத்தரும் அளக்க உட்கார்ந்தார்கள். சத்துணவு அம்மா அளந்த குண்டான் மூடிதான் இருந்ததிலேயே பெரிய வட்டமாம்.

விடைகள் வந்தன. 3.1, 3.2, 3.3, 3.1, 3.0. கந்தலாக, கோணல்மாணலாக, ஆனால் அளந்த எண்கள். மூன்றாவது குழுவில் ஒரு வளையலுக்கு 2.8 வந்தது.

அந்த வளையலின் சுற்றளவை அளந்தது ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண். அக்கா போன நாளிலிருந்து அந்தப் பிள்ளை 'உள்ளேன் டீச்சர்' தவிர எதுவும் சொன்னதில்லை. விட்டத்தை அளந்தது ட்யூஷன் பையன்களில் கெட்டிக்காரன். 2.8-ஐப் பார்த்ததும் அவன், "இவ தப்பா அளந்திருக்கா டீச்சர். 3.14 வரணும்" என்றான். குழுவில் எல்லாரும் அவன் பக்கம். மறுபடி அளக்கச் சொன்னார்கள். அவள் அளந்தாள். அதே 18.9. அவன் அளந்தான். அதே 6.8.

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிட வாய் துறுதுறுத்தது என்றாள் அக்கா. சொல்லாமல் பக்கத்துக் குழுவுக்குப் போய் நின்றுகொண்டாளாம், காதை மட்டும் இங்கே வைத்து.

"நீ நூலை எங்க வச்ச?" என்று அந்தப் பையன் கேட்டிருக்கிறான். பழி போடுவதற்காகக் கேட்டதுதான், ஆனாலும் கேட்டுவிட்டான். அவள் வளையலை எடுத்து, உள்பக்கமாக நூலை விரலால் ஒட்டி ஒட்டி வைத்துக் காட்டினாள். "உள்ள ஏன் வச்ச? வெளியதான சுத்தணும்?"

"வளையலுக்கு அளவே உள்பக்கம்தான்."

அவள் அம்மா திருவிழா திருவிழாவாக வளையல் கடை போடுகிறவர். இந்த வளையல் 'ரெண்டு ஆறு' என்றாள் அவள். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்பதெல்லாம் வளையல் கடைக் கணக்கு. ரெண்டு ஆறு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், அதுவும் உள்விட்டம். கை நுழைய வேண்டியது உள்ளேதானே! வெளிப்பக்கம் எத்தனை தடிமனாக இருந்தால் வாங்குகிறவருக்கு என்ன? அது கொஞ்சம் பட்டையான வளையல். பையன் ஸ்கேலை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வைத்திருந்தான். இரண்டு பேரும் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள், வேறு வேறு வட்டங்களை.

ஸ்கேலை உள்ளே வைத்து அளந்தார்கள். 6.0. வகுத்தால் 3.15.

குழுவே கத்தியது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார், தலைமையாசிரியர் அறைக்கும் கேட்டிருக்கிறது. திங்கட்கிழமை வழிகாட்டி ஆசிரியை பதவிசாகச் சொன்னார், "நல்லாதான் இருந்துச்சும்மா. ஆனா சத்தம் ஜாஸ்தி. இதைத் தினமும் பண்ண முடியாது பாத்துக்கோ." குறிப்பேட்டில் 'வகுப்புக் கட்டுப்பாட்டில் கவனம் தேவை' என்றும் எழுதினார். முந்தைய குறிப்புக்குக் கீழேயே அது இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

தினமும் பண்ண முடியாது என்று அவர் சொன்னது உண்மைதான். ஒரு பீரியட் பாடத்துக்கு ஒரு வாரம் மேஜையை அடைத்துக்கொண்டு வேலை செய்தோம். நாற்பது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, தேர்வுப் பணி, ஆன்லைன் பதிவு என்று இருக்கும் ஒருவருக்கு அந்த வாரம் எங்கிருந்து வரும்? எல்லாப் பாடத்தையும் இப்படித் துண்டாக வெட்டவும் முடியாது. இயற்கணித முற்றொருமையை எப்படி வெட்டுவது என்று நாங்கள் இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் போர்டில் எழுதி நடத்து என்று முடித்தோம். கெட்டிக்காரப் பையனுக்கு இதில் என்ன லாபம் என்று பெற்றோர் கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். அவன் வேகத்தை நாம் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். அக்காவுக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. எனக்கு இல்லை. 3.14-ஐ அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். எந்த வட்டத்தின் விட்டம், எந்த வட்டத்தின் சுற்றளவு என்று அவன் முதல் தடவையாக யோசித்தது அந்தப் பெண் அளந்த 18.9-ஐத் தள்ளிவிட முடியாமல் போனபோதுதான். வைகாட்ஸ்கி பெயரை எழுதி, தெரிந்தவர் கைகொடுத்தால் பிள்ளை தன் எல்லையைத் தாண்டும் என்று பி.எட். தாள்களில் எழுதுவார்கள். அன்றைக்கு யார் தெரிந்தவர்? கணக்கு அவனுக்குத் தெரியும், வளையல் அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண் அதற்கப்புறம் வாயாடி ஆகிவிட்டாள் என்றெல்லாம் இல்லை. ஜன்னலோரம்தான், அமைதிதான். ஒருநாள் மட்டும் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பார்த்து, "உங்களுக்கு ரெண்டு எட்டு, டீச்சர்" என்றிருக்கிறாள். சரியாக ரெண்டு எட்டுதான்.

கடைசி வாரம் அந்தப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றானாம். "டீச்சர், உள்ளயும் அளக்காம வெளியயும் அளக்காம, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வட்டம் போட்டு அளந்தா?" அக்கா என்ன வரும் என்று நினைக்கிறாய் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. வளையலில் நடுவில் அளக்க முடியாது, பட்டை போதாது. சைக்கிள் டயரில் முடியும் என்று அந்தப் பெண் சொன்னாளாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பழைய டயரைப் படுக்கப் போட்டு, சாக்பீஸால் கோடு இழுத்து, நூலோடு குனிந்திருந்தார்கள். சுற்றி ஒரு கூட்டம். மணி அடித்த பிறகும் கலையவில்லை.

அன்று இரவு ரெக்கார்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள், "இதை எந்தத் தலைப்புல எழுத?" நோக்கம், கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு, தொடர்பணி என்று அச்சடித்த கட்டங்களை இருவரும் மேலும் கீழும் பார்த்தோம். கடைசியில் 'துணைக்கருவி' கட்டத்தில் 'பழைய டயர் – 1' என்று எழுதினாள்.